வீட்டுக் கடன் வரிச்சலுகை யார் கைக்குப் போகிறது?

50 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடத் தவணை. முதல் வருட வட்டியே 4.2 லட்சம். பழைய வரித் திட்டத்தில், குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு 24(பி) பிரிவில் 2 லட்சம் வரைதான் கழிக்கலாம். 30 சதவீத வரி கட்டுபவருக்கு, செஸ் சேர்த்து, மிச்சம் 62,400 ரூபாய். 20 சதவீதக்காரருக்கு 41,600. வரிக்குரிய வருமானம் ஏற்கெனவே 5 லட்சத்துக்குள் இருப்பவருக்கு ரிபேட்டிலேயே வரி பூஜ்யம். சலுகையால் ஒரு ரூபாய்கூட இல்லை. வீடு வாங்க அதிகம் திணறுபவர் அவர்தான்.

அசலுக்கு 80சி. பிஎஃப், எல்ஐசி பிரீமியம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அதே 1.5 லட்சத்துக்குள். பலருக்குத் தவணை தொடங்கும் முன்பே அது நிரம்பிவிடும். அவர்களுக்கு அசலுக்கென்று தனிப் பலன் எழுதக் கூடாது.

அந்த 62,400-ஐ வருடாவருடம் போட்டு, கடைசி வருடங்களில் வட்டி 2 லட்சத்துக்குக் கீழே இறங்குவதையும் கழித்து, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 5 லட்சத்தைத் தாண்டுகிறது. வாங்குபவரால் அவ்வளவு கூடுதலாகக் கொடுக்க முடியும் என்பது விற்பவருக்கும் தெரியும். சென்னை மயிலாப்பூரில் காலி மனை ஏது? அங்கே சலுகை விலையில் ஏறிவிடும். வண்டலூர் தாண்டினால் நிலம் இருக்கிறது, புது வீடுகள் எழும்பலாம். நகரம் முழுவதற்கும் ஒரே விலை நெகிழ்ச்சி எண்ணைப் போடும் மாதிரிகளை நான் நம்புவதில்லை.

சலுகையைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டென்மார்க்கைப் பார்க்கலாம்: 1987 வரிச் சீர்திருத்தத்தில் வட்டிச் சலுகை, வசதியானவர்களுக்குப் பெரிதாகக் குறைந்தது. பொருளாதார அறிஞர்கள் குரூபர், யென்சன், கிளெவன் மூவரும் அதை ஆராய்ந்தார்கள். சொந்த வீடு வைத்திருப்போர் விகிதம் அசையவில்லை. வாங்கும் வீட்டின் அளவுதான் மாறியது.

அமெரிக்காவுக்கு சாம்மர், சல்லிவன் 2018-இல் வெளியிட்ட பொருளாதார மாதிரி இன்னும் ஒரு படி போகிறது. சலுகையை எடுத்தால் விலை இறங்கும், முன்பணம் சேர்ப்பது எளிதாகும், வாடகைக்காரர்கள் சிலர் வீட்டுக்காரர்கள் ஆவார்கள்.

விட்டுப்போகக் கூடாதது: சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அந்த வீட்டின் ஆண்டு மதிப்பு பூஜ்யம். தனக்குத் தானே மிச்சப்படுத்தும் வாடகைக்கு வரி கிடையாது. கடனே இல்லாத வீட்டுக்காரருக்கும் கிடைக்கும் பெரிய சலுகை இது.

2023-24 முதல் புதிய வரித் திட்டமே இயல்புநிலை. குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக் கழிவு அதில் இல்லை. ஆனால் பெரிய வீட்டுக் கடன் உள்ளவர்களில் பலர் பழையதிலேயே தங்குவார்கள். சலுகையின் விளைவை அறிய இரண்டு திட்டத்தினரையும் அப்படியே ஒப்பிட்டால் விடை தவறும்.