பச்சிளங் குழவியும் நிழற்படமும்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது பழமொழி. பெற்றோர் கண்ணுக்குத் தம் குழந்தையினும் அழகிய பொருள் உலகில் வேறில்லை. அவ்வழகைத் தாம் மட்டும் கண்டு அவர்கள் மனநிறைவு கொள்வதில்லை. உற்றாரும் உறவினரும் கண்டு மகிழ வேண்டும் என விரும்புகின்றனர். இன்பம் பகிரப் பகிரப் பெருகும் இயல்புடையது. இவ்விருப்பம் மிகப் பழையது. அதனை நிறைவேற்றும் வழியோ காலந்தோறும் மாறி வந்துள்ளது.

முன்னாளில் சொல்லே படமாக இருந்தது. பெரியாழ்வார் தம்மை யசோதையாகக் கருதிக்கொண்டு, கண்ணன் பிறந்த நாள் தொட்டு அவன் வளர்ச்சியைப் பாடினார். அவர் காட்டிய வழியில் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை வளர்ந்தது. பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாகக் கொண்டு, அக்குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுவது அதன் இலக்கணம். கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி அசைவது செங்கீரைப் பருவம். கை கொட்டுவது சப்பாணிப் பருவம். தளர்நடையிட்டு வருவது வருகைப் பருவம். குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைப்பது அம்புலிப் பருவம். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பயில்வோர், மதுரையில் ஆட்சி புரியும் அன்னையைத் தவழும் குழந்தையாகக் காண்பர். ஆயினும் இப்பருவங்கள் மூன்றாந் திங்களிலிருந்தே எண்ணப்படுகின்றன. பிறந்த முதற் சில வாரங்கள் அவற்றுள் அடங்கவில்லை.

ஊர் வழக்கமும் ஏறத்தாழ அவ்வாறே இருந்தது. குழந்தை பிறந்து முப்பது நாள் கழியும் வரை தாயையும் சேயையும் தனியறையில் வைத்துக் காத்தனர். கன்னத்தில் கருமைப் பொட்டு இட்டனர். கண்ணேறு பட்டுவிடும் என்று அஞ்சினர். கண்ணேற்றை அறிவியல் ஏற்காது. ஆனால் அவ்வொதுக்கத்தால் விளைந்த நன்மையை ஏற்கும். பச்சிளங் குழவிக்கு நோயை எதிர்க்கும் ஆற்றல் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. சளியும் காய்ச்சலும் உடையோர் அதனை அணுகுதலும் முத்தமிடுதலும் தகா என்று மருத்துவர் இன்றும் அறிவுறுத்துகின்றனர்.

நிழற்படக் கலை 1839ஆம் ஆண்டு பாரிசு நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒரு படம் எடுக்க நெடுநேரம் அசையாது இருத்தல் வேண்டும். குழந்தை அசையாது இருக்குமோ? ஆகவே மேலை நாடுகளில் தாய் ஒரு துணியால் தன்னை முழுவதும் போர்த்திக்கொண்டு, நாற்காலிபோல் அமர்ந்து, குழந்தையை மடியில் பிடித்திருப்பாள். படத்தில் குழந்தையின் முகம் மட்டும் தெளிவாக விளங்கும். தாய் ஒரு துணிக்குவியலாகத் தோன்றுவாள். அத்தகைய பழம்படங்கள் பல இன்றும் உள்ளன. 1888ஆம் ஆண்டு ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்னும் அமெரிக்கர் கையில் ஏந்தத்தக்க எளிய கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் பின்னர் இக்கலை வீடுகளிலும் புகுந்தது.

தமிழ்நாட்டு ஊர்களில் படநிலையங்கள் தோன்றியபோது, குழந்தை கவிழ்ந்து தலைதூக்கும் காலம் வரை பெற்றோர் காத்திருந்தனர். பின்பு அதனைப் படநிலையத்திற்கு எடுத்துச் சென்று, மேசைமீது குப்புறக் கிடத்திப் படம் எடுத்தனர். புலவர் பாடிய செங்கீரைப் பருவமே படநிலையத்தார்க்கும் உகந்த பருவமாயிற்று! அப்படத்தின் ஒரு படி வீட்டுச் சுவரில் தொங்கும். மற்றொரு படி அஞ்சல் வழியே தொலைவிலுள்ள மாமனுக்கோ அத்தைக்கோ செல்லும். ஆண்டுக்கு ஒரு படம் கிடைப்பதும் அரிதாயிருந்த காலம் அது.

இந்நிலை மாறியதற்கு ஒரு குழந்தையின் பிறப்பே வழிகோலியது என்பது வியப்புக்குரியது. 1997ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சாண்டா குரூசு நகரில், பிலிப் கான் என்னும் பொறியியலார்க்கு ஒரு பெண் மகவு பிறந்தது. மருத்துவமனையில் இருந்தவாறே அவர் இலக்கப் படக்கருவி, கைப்பேசி, மடிக்கணினி ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்தார். மகளின் படம் சிறிது நேரத்தில் 2,000க்கும் மேற்பட்ட உறவினரையும் நண்பரையும் சென்று அடைந்தது. கைப்பேசி வாயிலாக உடனுக்குடன் பகிரப்பட்ட முதற் படம் இதுவே என்பர். இன்று உலகெங்கும் கைகளில் தவழும் படக்கைப்பேசிகளின் வரலாறு, ஒரு தந்தையின் மகிழ்ச்சியோடு தொடர்புடையது.

அம்மகிழ்ச்சி இன்று சிற்றூர்களுக்கும் எட்டியுள்ளது. திண்டுக்கல்லிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் சாலையில் அய்யலூர் உள்ளது. வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையால் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூரில் ஒரு பெண் தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள் என்றும், அவள் கணவன் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறான் என்றும் கொள்க. குழந்தையைக் கண்டு சென்ற அவனுக்கு மீண்டும் விடுமுறை கிடைக்கச் சில வாரங்கள் ஆகும். அந்நாள்களில் அவன் கைப்பேசிக்கு வரும் படங்களே அவனுக்குக் குழந்தை.

முதற் படத்தில் குழந்தை இறுக மூடிய விரல்களோடு உறங்குகிறது. சில நாளில் அது சற்று மெலிந்து காணப்படுகிறது; தந்தை அஞ்சுகிறான். பிறந்த குழந்தை முதற் சில நாள்களில் எடை சிறிது குறைவதும், இரண்டு வாரங்களுக்குள் அதனை மீண்டும் பெறுவதும் இயல்பே என்று செவிலியர் விளக்குகின்றனர். பிறிதொரு படத்தில் கொப்பூழ்க்கொடி உலர்ந்து விழுந்துவிட்டது. அடுத்த படத்தில் குழந்தை தாயின் முகத்தை உற்று நோக்குகிறது. பச்சிளங் குழவிக்கு ஏறத்தாழ ஒரு சாண் முதல் முக்கால் முழம் வரையுள்ள பொருளே ஓரளவு தெளிவாகத் தெரியும். பாலூட்டும் தாயின் முகம் அத்தொலைவில்தான் உள்ளது! ஆறாம் வாரத்தை ஒட்டி முகம் பார்த்துச் சிரிக்கும் முதற் சிரிப்பும் படமாக வருகிறது. புலவர் பாடாத பருவத்தை இவ்வாறு ஒரு தொழிலாளி தன் உள்ளங்கையில் காண்கிறான்.

அவனுக்குப் பெருமிதம் பொங்குகிறது. உலகத்தார் அனைவரும் காணுமாறு இணையத்தில் அப்படங்களை வெளியிட விழைகிறான். மனைவியிடம் தொலைபேசியில் கேட்கிறான். அவள் சிறிது தயங்கி, “அப்பத்தாவுக்கும் அத்தைக்கும் அனுப்புங்கள், மாமா. ஊரார்க்கெல்லாம் வேண்டா. நாளை இவன் வளர்ந்து, ‘என்னைக் கேட்டா வெளியிட்டீர்கள்?’ என்றால் என்ன சொல்வது?” என்கிறாள். அவன் விடை கூற இயலாது அமைதியாகிறான்.

அவள் வினா சிறியதாகத் தோன்றினும் பொருள் மிக்கது. சுவரில் தொங்கிய படத்தை வீட்டிற்கு வந்தோரே கண்டனர். இணையத்தில் இட்ட படமோ வில்லினின்று விடுபட்ட அம்பு போன்றது. அதனை யார் எடுப்பர், எங்கே வைப்பர், எதற்குப் பயன்படுத்துவர் என்பதைப் பெற்றோரும் அறியார். குழந்தையின் கையில் கட்டிய மருத்துவமனை அடையாளச் சீட்டும், அதிலுள்ள பெயரும் நாளும் அயலார் கண்ணில் படும். குளிக்கும் குழந்தையின் படம் தீயோர் கையில் சிக்கவும் கூடும். இவற்றுக்கு இசைவு தரவோ மறுக்கவோ குழந்தைக்கு வாயில்லை.

குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்பதை உலகம் ஏற்றுள்ளது. 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை அவ்வுரிமையைக் கூறுகிறது. இந்தியா அதனை 1992இல் ஏற்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. பிரான்சு நாடு 2024ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, குழந்தையின் உருவத்தைக் காப்பது பெற்றோரின் கடமை என்று வரையறுத்தது.

சட்டம் கூறுவதற்கு முன்பே இவ்வறத்தை உணர்த்தும் காடு ஒன்று அய்யலூரை அடுத்து உள்ளது. அங்கே தேவாங்குகள் வாழ்கின்றன. அவற்றைக் காக்கும் பொருட்டுத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் நிலத்தைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்கு இரவில் இரைதேடும் உயிர். அதன் பெரிய கண்கள் கூரிய ஒளியைத் தாங்கா. ஆகவே அதனை ஆராய்வோர் செந்நிறத் தாள் பொருத்திய மங்கிய விளக்கையே ஏந்திச் செல்வர். காண விரும்புவோன் காணப்படும் உயிரின் நலத்தை முதலில் கருதுதல் வேண்டும் என்பதே அதன் பொருள். காட்டுயிர்க்குக் காட்டும் இப்பரிவை வீட்டுக் குழந்தைக்குக் காட்டாதிருத்தல் முறையாகுமோ?

எனவே, படம் எடுப்பதும் பகிர்வதும் குற்றமாகா. அளவும் முறையும் அறிந்து செய்தலே வேண்டும். சாளர வழியே வரும் பகலொளி படத்திற்குப் போதும்; கண்ணருகே மின்னொளி வேண்டா. உறங்கும் குழந்தையைப் படத்திற்காக எழுப்புதல் கூடாது. உடலை மறைத்து, அடையாளச் சீட்டை நீக்கி, நெருங்கிய உறவினர்க்கு மட்டும் அனுப்புதல் நலம். மஞ்சள் காமாலை உண்டா என்பதைப் படத்தின் நிறங்கொண்டு துணிதல் பிழை. மருத்துவரிடம் நேரில் காட்டுதலே தக்கது. படத்தைப் பெற்ற உறவினரும் பெற்றோரைக் கேளாது பிறர்க்கு அனுப்பாதிருத்தல் பண்பாகும்.

மற்றொன்றும் மறத்தற்குரியதன்று. பழம்படத்தில் துணிக்குள் மறைந்திருந்தாள் ஒரு தாய். இன்றைய படங்களிலும் பெரும்பாலும் தாயின் கையோ மடியோதான் தோன்றுகிறது. இரவெல்லாம் கண்விழித்துப் பாலூட்டிய அவள் களைப்பைப் படம் காட்டுவதில்லை. படத்தைக் கண்டு “குழந்தை எப்படி இருக்கிறது?” என வினவும் உறவினர், “நீ நலமா, அம்மா?” என்றும் வினவுதல் வேண்டும்.

குழந்தை பெற்றோர்க்குக் கிடைத்த செல்வம். ஆனால் அது தனக்கென ஒரு வாழ்வு உடைய உயிருமாகும். அதன் முதற் சிரிப்பைக் கண்டு மகிழ்வது அன்பு. அதன் பெயரையும் உருவையும் அது வளரும் வரை காத்து, அதன் கையிலேயே ஒப்படைப்பது அறம். அன்பும் அறமும் இணைந்த இல்லத்தில் வளரும் குழந்தைகள் பேறு பெற்றோர் ஆவர்.