கைகூடாத சாதனையும் கலங்காத மனமும்

மன்னார்க் கரையின் மாதோட்டத்திலே, பாலாவியின் கரைமேல் அமைந்தது திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் இத்தலத்துக்கு வந்தாரல்லர்; இராமேசுவரத்தில் நின்றே பாடினர் என்பது மரபு. உடல் கடவாத கடலை உள்ளம் கடந்தது.

உயிர் உடலைவிட்டு உலாவி மீள வேண்டும் என விழைந்து, பன்னாள் முயன்றும் கைகூடாது சோர்வோர் இதனை எண்ணுதல் நன்று. இடையன் மூலனின் உடலிற் சிவயோகியார் புகுந்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். அவர் அருளிய திருமந்திரமோ, மூன்றாந் தந்திரத்தில் இயமம் முதல் சமாதி ஈறாக எட்டு உறுப்புக்களை உரைத்த பின்னரே அட்டமாசித்தியைப் பேசுகின்றது. அடியிட்ட அன்றே முடியை நாடுவோர்க்கு இவ்வைப்பு முறையே விடையாகும்.

அறிவியலும் ஆறுதல் தருகின்றது. 2002இல் சுவிற்சர்லாந்து மருத்துவர்கள் வலப்பக்க மூளையின் ஒரு பகுதியை மின்னால் தூண்டியபோது, நோயாளி ஒருவர் தம் உடலை மேலிருந்து காண்பதாக உணர்ந்தார். ஆதலின் அவ்வனுபவம் மூளையின் இயக்கத்தையும் பொறுத்தது. வாய்க்காமை முயல்வோரின் குற்றமாகாது. அமைந்த மூச்சும் அடங்கிய சினமும் பயிற்சி நாள்தோறும் தரும் ஊதியம். அவற்றைக் கணக்கிற் கொள்ளாமையே சோர்வுக்கு வித்து.

போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்த திருக்கேதீச்சரத்தை மீட்க ஆறுமுக நாவலர் 1872இல் குரலெழுப்பினார், 1879இல் மறைந்தார். நிலம் 1893இல் வாங்கப்பெற்றது. 1903இல் சிறு கோயில் குடமுழுக்குக் கண்டது. விளைவைக் காணாதவரின் முயற்சியிலிருந்தே விளைவு பிறந்தது. முயல்வோன் குறித்த நாளிலேயே பயன் வந்தெய்த வேண்டும் என்னும் நியதி இல்லை.