பழைய மகிழுந்தும் பழைய நெளிவும்



அண்மையில் சக ஆசிரியை ஒருவரின் மகிழுந்தைப் பின்னால் வந்த வாகனம் மோதிவிட்டது. 'அடுத்து என்ன செய்வது ஐயா?' என்று அவர் கேட்டபோது, 2018ஆம் ஆண்டில் எனக்கு நேர்ந்ததை விரிவாகச் சொன்னேன். கேட்டு முடித்தவர், 'இதை எழுதி வையுங்கள். பெற்றோர்களுக்கும் பயன்படும்' என்றார். அதன் விளைவே இக்கட்டுரை.

என்னிடம் அப்போது இருந்தது 1999ஆம் ஆண்டில் பதிவான பெரோடுவா கன்சில். ஆசிரியர் பணியில் சேர்ந்தபின் நான் வாங்கிய முதல் மகிழுந்து அது. கன்சில் என்றால் மலாய்மொழியில் சருகுமான். மலாய்க் கதைகளில் முதலையையும் புலியையும் ஏமாற்றித் தப்பும் அந்தச் சிற்றுயிரை நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். 1994இல் அறிமுகமாகி 2009இல் உற்பத்தி நின்றுபோன அந்தச் சிறிய வாகனம், நம்மவர்கள் பலரது குடும்பத்தில் ஓர் உறுப்பினராகவே இருந்தது. என் மகள் பிறந்தபோது மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதில்தான்.

ஒரு வியாழக்கிழமை மாலை. கிள்ளான் காப்பார் சாலையில், சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்தோம். ஐந்தாம் ஆண்டில் பயின்றுவந்த மகள் என் அருகில் அமர்ந்திருந்தாள். திடீரென்று பின்னால் பேரோசை. வண்டி ஓரடி முன்னே பாய்ந்து நின்றது. நல்லவேளையாக இருவரும் இருக்கை வார் அணிந்திருந்தோம். பின்கதவு உள்வாங்கி, பம்பர் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

மோதியது ஒரு நிறுவனத்தின் சரக்கு வேன். ஓட்டி வந்தவர் இருபத்து மூன்று வயது மதிக்கத்தக்க தமிழ் இளைஞர். இறங்கியவுடன் மகளிடம்தான் முதலில், 'அடி பட்டுச்சாம்மா?' என்று கேட்டார். அதை இன்றும் மறக்கவில்லை. பிறகு யாரிடமோ கைப்பேசியில் பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

'சார், போலீசுக்குப் போக வேணாம் சார். ஐந்நூறு வெள்ளி இப்பவே தர்றேன்னு முதலாளி சொல்றாரு. என் தம்பி உங்க பள்ளியிலதான் படிக்கிறான் சார்.'

தம்பியின் பெயரைச் சொன்னார். என் வகுப்பு மாணவன்தான்.

எனக்குத் தயக்கம் வந்தது. ஐந்நூறு வெள்ளியைப் பெற்றுக்கொண்டு புறப்பட்டிருந்தால் யாருக்கும் மனக்கசப்பு இருந்திராது. முதலாளி ஏன் அவசரப்பட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அவருடைய காப்புறுதியிலிருந்து இழப்பீடு சென்றால், அவ்வாகனத்துக்குச் சேர்ந்திருந்த உரிமைகோராக் கழிவு பறிபோகும். தனியார் மகிழுந்துக்கு அக்கழிவு முதல் ஆண்டு முடிவில் 25 விழுக்காட்டில் தொடங்கி 55 விழுக்காடு வரை உயரும். வணிக வாகனங்களுக்கு அது குறைவுதான் என்றாலும், இழக்க யாருக்கு மனம் வரும்?

ஆனால், மகள் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். 'வலிக்கிறதா?' என்றேன். 'கொஞ்சம்' என்றாள். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்தான் முடிவு செய்தது. இன்றைய கொஞ்சம் நாளை எவ்வளவாகும் என்று யார் அறிவார்? புகார் இல்லையென்றால் விபத்தே நடக்கவில்லை என்றுதான் பொருள். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் விபத்து நேர்ந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் தெரிவிக்கவேண்டும் என்று கூறுகிறது.

'தம்பி, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் புகார் செய்துதான் ஆகவேண்டும். நடந்ததை நீயும் அப்படியே சொல்லிவிடு' என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இதற்குள், யாரும் அழைக்காமலே இரண்டு இழுவை வண்டிகள் வந்து நின்றன. ஒருவர் கையொப்பமிட ஒரு தாளையே நீட்டினார். மறுத்துவிட்டேன். இரு வாகனங்களையும் நின்ற நிலையிலேயே படமெடுத்து, அவருடைய அடையாள அட்டை எண்ணையும் வேனின் எண்ணையும் குறித்துக்கொண்டேன். மகளை மருந்தகத்தில் காட்டினேன். தசைப்பிடிப்புதான், ஒரு வாரத்தில் சரியாகும் என்றார் மருத்துவர். அவ்வாறே ஆனது.

அன்றிரவு காவல் நிலையத்தில் ஓர் இலக்கணப் பாடம் காத்திருந்தது.

நான் மலாய்மொழியில் சொல்லச் சொல்லக் காவலர் தட்டச்சு செய்தார். அச்சிட்டுக் கையொப்பத்துக்கு நீட்டியதைப் படித்தேன். 'சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக் அழுத்தினேன். பின்னால் வந்த வேன் மோதியது' என்ற பொருளில் இருந்தது. நான் சொன்னதோ, 'சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்தேன்' என்பது.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஒன்றல்ல. 'நின்றேன்' என்பதற்கும் 'நின்றுகொண்டிருந்தேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எத்தனை ஆண்டுகளாக வகுப்பில் கற்பித்திருக்கிறேன்! 'கொண்டிரு' என்னும் துணைவினை, செயல் முன்னரே தொடங்கி நீடிப்பதை உணர்த்தும். பிரேக் அழுத்திய வண்டி ஓடிக்கொண்டிருந்த வண்டி. 'அவர் திடீரென்று நிறுத்தினார்' என்று எதிர்த்தரப்பு வாதிட அது இடமளிக்கும். நின்றுகொண்டிருந்த வண்டியின்மேல் அப்பழியைச் சுமத்த முடியாது. காவலரிடம் பணிவுடன் விளக்கினேன். அவர் முகம் சுளிக்காமல் திருத்தித் தந்தார்.

மூன்றாம் நாள் அந்த இளைஞரின் புகார் விவரம் தெரியவந்தது. முன்னே சென்ற மகிழுந்து எதிர்பாராமல் நின்றதாக அதில் எழுதப்பட்டிருந்தது. சினம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மறுநாள் வகுப்பில் அவருடைய தம்பியின் பயிற்றுப் புத்தகத்தைத் திருத்தும்போது என் சிவப்பு மைப் பேனா சற்று அழுத்தமாகவே ஓடியது. இரண்டாவது பக்கத்தில்தான் அதை உணர்ந்தேன். வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளைக்கும் என் பம்பருக்கும் என்ன தொடர்பு?

விசாரணை அதிகாரி இரு தரப்பையும் அழைத்து விசாரித்தார். படங்களையும் பார்த்தார். போதிய இடைவெளியின்றி வந்து மோதியது வேன்தான் என்று முடிவு செய்து, ஓட்டுநருக்கு அபராதம் விதித்தார்.

அதன் பின்னர்தான் காப்புறுதிப் படலம். என் வண்டிக்கு அப்போது வயது 19. அத்தனை பழைய வண்டிக்கு முழுக் காப்புறுதி கிடைப்பது அரிது. நான் வைத்திருந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே. முழுக் காப்புறுதி உள்ளவர், தவறு எதிர்த்தரப்புடையது என்று உறுதியானால், தம் நிறுவனத்திலேயே உரிமை கோரிச் செப்பனிட்டுக்கொள்ளலாம், கழிவும் பறிபோகாது. எனக்கு அவ்வழி இல்லை. வேனுக்குக் காப்புறுதி அளித்த நிறுவனத்திடம் நானேதான் கோர வேண்டும். அதற்குச் சுயேச்சையான இழப்பு மதிப்பீட்டாளர் ஒருவர், செப்பனிடும் முன்பே வண்டியைப் பார்வையிட்டு அறிக்கை தரவேண்டும்.

வண்டியை எனக்குப் பழக்கமான சீனர் ஒருவரின் பட்டறைக்குக் கொண்டுசென்றேன். மகளும் உடன் வந்தாள். அவர் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். பம்பர், பின்கதவு, விளக்கு ஆகியவற்றோடு, ஸ்பேர் டயர் வைக்கும் தளமும் மடங்கியிருந்தது. வெளியே ஐந்நூறு வெள்ளிச் சேதமாகத் தெரிந்தது, உள்ளே மூவாயிரத்தைத் தாண்டியது. அன்று அந்த ஐந்நூறை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

வண்டியைச் சுற்றி வந்தவர், இடப்பக்கப் பின்தகட்டில் இருந்த ஒரு நெளிவைக் காட்டினார். 'சிக்கு, இதையும் சேர்த்துவிடலாம். முழு வண்டிக்கும் புதுச் சாயம் அடித்த மாதிரி ஆகிவிடும். காப்புறுதி நிறுவனம்தானே கொடுக்கிறது' என்றார்.

அது நானே செய்த நெளிவு. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளி வாயில் தூணில் பின்னோக்கி இடித்தது. அதை உரைத்திருக்க வேண்டும். உரைக்கவில்லை. 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்லாசிரியர் எவரும் பெருமை கொள்ளத்தக்க விடை அன்று அது.

வீடு திரும்பும் வழியில் மகள் கேட்டாள். 'அப்பா, அந்த நெளிவு அந்த அண்ணன் இடித்தது இல்லையே. நாம் இடித்ததுதானே?'

'ஆமாம்' என்றேன்.

'அப்படியென்றால் அந்த அண்ணன் பொய் எழுதியதற்கு ஏன் கோபப்பட்டீர்கள்?'

அவள் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். வாரத்தில் எத்தனை பாட வேளை நன்னெறிக்கல்வி கற்பித்திருப்பேன்! அந்த ஒரு வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. அன்றிரவே பட்டறைக்காரரை அழைத்து, பழைய நெளிவைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். 'சிக்கு என்றால் சிக்குதான்' என்றார்.

மதிப்பீட்டாளர் வந்தபோது முதலில் விரல் வைத்துத் தடவியது அந்த நெளிவைத்தான். 'இது?' என்றார். 'பழையது. இந்த விபத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை' என்றேன். 'தெரிகிறது. உள்ளே துரு ஏறியிருக்கிறது' என்று கூறிக் குறித்துக்கொண்டார். நான் வாய் திறவாமல் இருந்திருந்தால், மற்றச் சேதங்களையும் அவர் ஐயத்தோடுதான் பார்த்திருப்பார் அல்லவா?

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய வண்டியின் சந்தை விலை மிகக் குறைவு. செப்பனிடும் செலவு அதை எட்டினால், 'செப்பனிடுவது கட்டுப்படியாகாது' என்று கூறி, வண்டியின் விலையைக் கணக்கிட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். என் சருகுமானோ அந்த எல்லையில்தான் நின்றது. பட்டறைக்காரரே வழி கண்டார். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையிலிருந்து ஒரு பின்கதவை வாங்கிவந்தார். அது வெண்மை, என் வண்டியோ நீலம். சாயமடித்துப் பொருத்தியபின் உற்றுப் பார்த்தால் ஒழிய வேறுபாடு தெரியவில்லை. மொத்தம் 3,150 வெள்ளி ஆயிற்று. முதலில் நானே கட்டினேன்.

இழப்பீடு வந்துசேர ஏழு மாதங்கள் ஆயின. விடுபட்ட ஒரு தாளுக்காக இரண்டு முறை, எந்தக் காரணமும் இன்றி மூன்று முறை என்று கடிதங்கள் நடந்தன. இறுதியில், புதிய பாகங்களுக்கு வண்டியின் வயதைக் கருதிக் கழித்துக்கொண்டு, 2,700 வெள்ளி தந்தார்கள். 450 வெள்ளி என் கையிலிருந்து போனது. நின்றுகொண்டிருந்தவனுக்கும் செலவு உண்டு என்று அறிந்துகொண்டேன்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் பட்டறிவிலிருந்து சில:

1. பிள்ளை வண்டியில் இருந்தால், சேதம் சிறியதாயினும் புகார் செய்யுங்கள். மருத்துவரிடமும் காட்டுங்கள்.

2. புகாரைப் படித்துப் பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள். ஒரு சொல் மாறினால் வழக்கே மாறும்.

3. நீங்கள் அழைக்காத இழுவை வண்டியினர் நீட்டும் தாளில் கையொப்பமிடாதீர்கள். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணைக் கைப்பேசியில் வைத்திருங்கள்.

4. மூன்றாம் தரப்பிடம் கோருவதானால், மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் எதையும் கழற்றவோ மாற்றவோ கூடாது. கழற்றிய பாகங்களையும் பற்றுச்சீட்டுகளையும் பாதுகாத்து வையுங்கள்.

5. வண்டி பட்டறையில் இருந்த நாள்களுக்கும் இழப்பீடு கோரலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை. நானும் முதலில் விட்டுவிட்டேன்; மதிப்பீட்டாளர்தான் நினைவூட்டினார்.

6. நிறுவனத்தின் முடிவில் நிறைவில்லையெனில், முதலில் அந்நிறுவனத்திடமே எழுத்துவடிவில் முறையிடுங்கள். அதன் பிறகு நிதிச் சேவைக் குறைதீர்ப்பு அமைப்பை நாடலாம். 2025 ஜனவரி முதல் அது நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவை என்ற புதிய பெயரில் இயங்குகிறது. நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை.

அவ்வாண்டின் இறுதியில் பெற்றோர் சந்திப்பு நாள் வந்தது. என் மாணவனின் தாயார் வந்திருந்தார். மகனின் புள்ளிகளைப் பற்றிப் பேசி முடித்தபின், எழுந்தவர் மீண்டும் அமர்ந்தார்.

'பெரியவன் உங்க காடியை இடிச்சிட்டான்னு பிறகுதான் சார் எனக்குத் தெரியும். முதலாளி அப்படி எழுதச் சொன்னாராம். அவனுக்கு மனசே கேக்கல. சம்மனைக் கட்டிட்டான். வேலை போகல சார்.' சற்று நேரம் கழித்து, 'சின்னவன்கிட்ட நீங்க எதையும் காட்டலன்னு சொன்னான்' என்றார்.

அந்த இரண்டு பக்கங்களின் அழுத்தமான சிவப்பு மை எனக்கு நினைவுக்கு வந்தது. 'நல்ல பிள்ளையம்மா, நன்றாக எழுதுகிறான்' என்று மட்டும் சொன்னேன். அது உண்மையும்கூட.

சருகுமான் மேலும் மூன்று ஆண்டுகள் உழைத்தது. 2021இல் அதை விற்றபோது, வாங்க வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, 'பின்னால் வேலை செய்திருக்கிறீர்களா?' என்று கேட்டார். 'ஆம், பின்கதவு மாற்றியது' என்றேன். 'இந்த நெளிவு?' என்றார்.

அருகில் நின்ற மகள் எனக்கு முன்பே விடையளித்தாள். 'அது அப்பா பள்ளித் தூணில் இடித்தது.'

அதற்காக அவர் நூறு வெள்ளி குறைத்தார். கொடுத்துவிட்டேன்.