கணக்குப் பேப்பர் கஷ்டமா, ஈஸியா?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் டி.வி. சத்தம் தானாகக் குறைந்துவிடும். விருந்தாளி வந்தால்கூட வாசலிலேயே நிறுத்தி, கிசுகிசுவென்று பேசி அனுப்பி விடுவோம். அதிலும் கணக்குப் பரீட்சை அன்று கேட்கவே வேண்டாம். மத்தியானம் 1.15-க்கு மணி அடித்ததும், பள்ளிக்கூட வாசலில் நிற்கும் அம்மாக்கள் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "கஷ்டமா, ஈஸியா?"

அந்த நேரத்தில் கிடைக்கிற பதிலை நம்பி வீட்டில் பாயசம் வைக்கவும் வேண்டாம், ஒப்பாரி வைக்கவும் வேண்டாம் என்பது என் கட்சி.

நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். இன்டக்ரேஷன் குறியைப் பார்த்தால் எனக்கு அடுப்படிக் கொக்கிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஒரு கணக்குத் தாள் எத்தனை கடினம் என்று எடை போட, அந்தக் கணக்கையெல்லாம் போடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை சகோதரிகளே! மளிகைக் கடை ரசீதைச் சரிபார்க்கத் தெரிந்தால் போதும்.

நம் தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணக்குத் தாளையே எடுத்துக் கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வுக்கு 90 மார்க், பள்ளியில் போடும் அகமதிப்பீடு 10. தொண்ணூறில் ஒரு மார்க் கேள்விகள் 20. இரண்டு மார்க் கேள்விகள் பத்து கொடுத்து ஏழு எழுதச் சொல்வார்கள். மூன்று மார்க்கும் அப்படியே, பத்துக்கு ஏழு. கடைசியில் ஐந்து மார்க் கணக்குகள் ஏழு. ஒவ்வொன்றிலும் 'இது அல்லது அது' என்று இரண்டு இருக்கும், பிடித்ததைப் போடலாம். எழுத 3 மணி நேரம், அதாவது 180 நிமிஷம். ஆக ஒரு மார்க்குக்கு 2 நிமிஷம். அதற்கு முன்னால் தாளைப் படித்துப் பார்க்கவென்று 10 நிமிஷம் தனியாகத் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் 'எதைப் போடுவது, எதை விடுவது' என்று முடிவு செய்து கொள்கிற பிள்ளைக்குப் பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 30-வது கேள்வியும் 40-வது கேள்வியும் கட்டாயக் கேள்விகள். விட்டுவிட்டு வேறொன்றை எழுத முடியாது. பிள்ளைகள் முகம் சுண்டிப்போய் வருவது பெரும்பாலும் இந்த இரண்டினால்தான். இரண்டுக்கும் சேர்த்து மார்க் எத்தனை? 2-ம் 3-ம் 5. தொண்ணூறில் ஐந்து போனதற்கு, வீட்டுக்கு வரும்போது தொண்ணூறும் போன மாதிரி வருவார்கள்.

அடுத்தது, கஷ்டம் வேறு, நீளம் வேறு. "பேப்பர் ரொம்ப லெங்த்திம்மா" என்றால், தெரியாத கணக்கு வந்தது என்று அர்த்தமில்லை. தெரிந்த கணக்குக்கு நேரம் பற்றவில்லை என்று அர்த்தம். அணிகள் பாடத்தில் மூன்று சமன்பாடு கொடுத்துத் தீர்வு காணச் சொல்வார்கள். வழி எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். ஆனால் நடுவில் ஒரு மைனஸ் ப்ளஸ்ஸாகிவிட்டால், கடைசியில் விடை அசட்டுத்தனமாக வந்து நிற்கும். பிள்ளை அதை அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். பத்து நிமிஷக் கணக்கு இருபத்தைந்து நிமிஷத்தை விழுங்கிவிடும். இது பேப்பர் போட்டவர் செய்த கொடுமை இல்லை. ஆனாலும் வெளியே வரும்போது "பேப்பர் டஃப்" என்றுதான் சொல்லும். நல்ல வேளையாக, விடை தப்பினாலும் சரியாகப் போட்ட படிகளுக்கு மார்க் உண்டு. அதனால்தான் அடித்துவிட்டுப் போகாதே என்று வாத்தியார்கள் தலைபாடாக அடித்துக் கொள்கிறார்கள்.

சாயங்காலம் டி.வி.யில் பள்ளிக்கூட வாசலைக் காட்டுகிறார்களே, அதையும் அவ்வளவாக நம்ப வேண்டாம். மைக்கைப் பார்த்ததும் ஓடி வந்து பேசுவது நன்றாக எழுதிய பிள்ளைதான். சரியாக எழுதாதது தலையைக் குனிந்து கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்விடும். அதன் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்?

உண்மையான கஷ்டம் ரிசல்ட் வந்த பிறகுதான் தெரியும். அதிலும் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். 2023-ல் பிளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 690 பேர். மறு வருஷம் 2024-ல் 2,587 பேர். ஒரே வருஷத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மூளை மூன்று மடங்கா வளர்ந்துவிட்டது? 2024 தாள் சுலபம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். எனக்கு அது மட்டும்தான் என்று தோன்றவில்லை. 2023-ல் எழுதியவர்கள், 2020-ல் கொரோனாவால் பள்ளி மூடியபோது ஒன்பதாவதில் இருந்தவர்கள். 2021-ல் அவர்களுக்குப் பத்தாவது பரீட்சையே நடக்கவில்லை, எல்லோரும் பாஸ். அல்ஜீப்ராவும் முக்கோணவியலும் ஊன்ற வேண்டிய வயசில், கையில் ஒரு செல்போனை வைத்துக் கொண்டு, சிக்னல் வருகிற மாடிப்படியில் உட்கார்ந்து படித்த குழந்தைகள். அஸ்திவாரம் ஆடிய வீட்டில் மேல்மாடிக்கு வந்து "ஏன் விரிசல்?" என்று கேட்டால் எப்படி? கஷ்டம் என்பது பாதி தாளில் இருக்கிறது, பாதி எழுதுகிற பிள்ளை வந்த வழியில் இருக்கிறது.

எங்கள் மூத்தவள் அந்த 2023 செட்தான்.

கணக்கு எழுதிவிட்டு வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. "போச்சும்மா. பாஸே ஆக மாட்டேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். சாப்பாடு வேண்டாம் என்றாள். "கெமிஸ்ட்ரியும் நான் எழுதப் போறதில்லை" என்றபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த வயசுப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்தால், தாய்க்கு என்னென்ன நினைப்பெல்லாம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் அப்பாவும் வாயைத் திறக்காமல் பேப்பரை விரித்து வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

பொழுது சாயட்டும் என்று விட்டேன். ராத்திரி மோர் சாதம் பிசைந்து எடுத்துக் கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, வினாத்தாளையும் பென்சிலையும் எடுத்தேன்.

"உனக்கு என்னம்மா தெரியும் இதுல?" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. நான் நம்பரைப் படிக்கறேன். நிச்சயமா சரின்னா டிக் போடு, பாதி போட்டேன்னா ஒரு கோடு, எழுதலைன்னா முட்டை. அவ்வளவுதான்."

வேண்டா வெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். ஒரு மார்க்கிலேயே 16 டிக் விழுந்தது. எனக்குத் தெரிந்த கூட்டலைப் போட்டேன். நிச்சயம் 58. பாதி போட்ட கணக்குகள் 14 மார்க்குக்கு. சுத்தமாகப் போனது 18. பாஸுக்கு வேண்டியது 35. அகமதிப்பீட்டில் பத்து முழுசாக வந்தால் எழுத்துத் தேர்வில் 25 போதும். ஐம்பத்தெட்டை வைத்துக் கொண்டு பாஸாக மாட்டேன் என்று அழுதிருக்கிறாள்! தாளை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை இழுத்துக் கொண்டாள். கெமிஸ்ட்ரி எழுதினாள். ரிசல்ட்டில் கணக்குக்கு 78 வந்தது. எழுத்தில் 68, அகமதிப்பீடு 10.

ஆனால் இந்தப் பென்சில் கணக்கைப் பிள்ளை கேட்காமல் வாசலிலேயே வைத்து ஆரம்பிக்கக் கூடாது. சில பிள்ளைகளுக்கு எல்லாப் பரீட்சையும் முடிகிறவரை தாளைத் தொடாமல் இருப்பதே நல்லது. உங்கள் பிள்ளையின் சுபாவம் உங்களுக்குத்தான் தெரியும்.

என்ஜினீயரிங் சேர்க்க நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அதற்கான 200 கட்-ஆஃபில் கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50. அதனால்தான் கணக்குத் தாள் என்றால் இத்தனை பதற்றம். ஆனால் சீட் கிடைப்பது மார்க்கினால் மட்டும் இல்லை, வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதைப் பொறுத்தது. தாள் கடினமாக வந்தால் எல்லோருக்கும் மார்க் குறையும், கட்-ஆஃபும் கூடவே இறங்கும். சுலபமாக வந்தால் எல்லோருக்கும் ஏறும். "ஈஸியாம்!" என்று சந்தோஷப்பட்ட அக்கம்பக்கத்து வீடுகளில், ஜூன் மாதம் 190 வைத்துக் கொண்டு கேட்ட காலேஜ் கிடைக்கவில்லை என்று முகம் தொங்கிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

இது நம் மாநில போர்டுக்கு மட்டும் வந்த தலைவலி என்று நினைக்காதீர்கள். 2016-ல் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத் தாள் கடினம் என்று பிள்ளைகள் அழுது, விஷயம் பாராளுமன்றம் வரைக்கும் போனது.

ரிசல்ட் வந்து, நீங்கள் பென்சிலில் போட்ட கூட்டலுக்கும் வந்த மார்க்குக்கும் ரொம்ப தூரம் இருந்தால், விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். நகலைப் பார்த்த பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். தேதி முடிவதற்குள் செய்ய வேண்டும், சில நாள்தான் தருவார்கள். பாஸாகாத பிள்ளைக்கும் அந்த வருஷமே துணைத் தேர்வு உண்டு. வினாத்தாளையும் நீங்கள் போட்ட டிக்கையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாமல், ரிசல்ட் வரும்வரை பீரோவில் பத்திரமாக வைத்திருங்கள்.