நீ கண்டனியோ?

2011 ஓகஸ்ட். எனக்கு அப்ப பத்து வயது. ஊர் ஊராகக் கிறீஸ் பூதக் கதை ஓடிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசின ஆக்கள் இரவில் வந்து பெண்களைத் தாக்குகினம் எண்டு கதை. பத்திரிகைகள் 'மர்ம மனிதர்கள்' என்று எழுதின. மலைநாட்டிலும் கிழக்கிலும் பேசப்பட்டது கடைசியில் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தது.

ரியூசனில் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: "உங்கட ஒழுங்கைக்குள்ள ராத்திரி கறுப்பா ஒருத்தன் நிண்டவனாம்."

நான் வீட்டுக்கு வந்து சொன்னேன்: "அம்மா, ஒழுங்கைக்குள்ள ராத்திரி கறுப்பா ஒருத்தன் நிண்டவன்."

தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மா கையை நிப்பாட்டிவிட்டு, "நீ கண்டனியோ?" எண்டு கேட்டா.

ஓம் எண்டு தலையாட்டினேன். பெரியாக்கள் என்ர கதையை அவ்வளவு கவனமாகக் கேட்டது அண்டைக்குத்தான்.

அம்மா வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மாமிக்குச் சொன்னா. மாமி சங்கக்கடையில் சொன்னா. பின்னேரம் அந்தக் கதை எனக்கே திரும்பி வந்தபோது ஒருத்தன் மூன்று பேராகியிருந்தான். சப்பாத்தும் போட்டிருந்தார்கள். அது என்ர பொய் எண்டு தெரிந்தும் எனக்கே பயம் பிடித்தது.

அன்றிரவு பெடியள் பொல்லும் ரோர்ச்சுமாக நின்று ஒருவரைப் பிடித்தார்கள். பழைய இரும்பு வாங்க வருகிற ஐயா. காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். முகத்துக்கு ரோர்ச் அடிக்க முதலே பொல்லு விழுந்துவிட்டது. அம்மாதான் ஓடிப்போய் நெற்றியில் துணி கட்டினா. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் பிறகு எங்கட ஒழுங்கைக்கு வரவேயில்லை. அதே மாதம் புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரரைச் சனக்கூட்டம் அடித்துக் கொன்றது.

வாயால் வருகிற செய்தியை நம்புகிறவர்களைப் பகிடி பண்ண எனக்கு மனமில்லை. கரண்ட் இல்லாத யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் எங்கட ஆக்கள். ரேடியோவில் வராததை ஆள்தான் வந்து சொன்னது. "அங்கால ஷெல் விழுதாம்" எண்டதை நம்பி ஓடினவர்கள் தப்பினார்கள். 2022 இல் எந்தச் செட்டுக்குப் பெற்றோல் வருது எண்டதையும் அப்படித்தான் அறிந்தோம்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் வாலில் ஒரு 'ஆம்' இருக்கும். விழுதாம், வருதாம், நிண்டவனாம். நான் காணேல்லை, கேட்டதைச் சொல்லுறன் எண்டு அந்த 'ஆம்' சொல்லிவிடும். கேட்கிறவர் நம்பலாம், விசாரிக்கலாம், விடலாம். நான் அன்று செய்தது அந்த 'ஆம்'ஐ எடுத்துவிட்டதுதான். அதற்குப் பிறகு யாரும் விசாரிக்கத் தேவையில்லை. கண்ட சாட்சி இருக்கிறதே.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் கருத்தடை மாத்திரை போட்டிருக்கு எண்டு சொன்னார்கள். போட்டிருக்காம் அல்ல, போட்டிருக்கு. கடையையும் பள்ளிவாசலையும் அடித்து உடைத்த பிறகுதான் அது வெறும் மாவுக்கட்டி எண்டு பரிசோதனையில் தெரிந்தது. அதை வாசித்தபோது எனக்கு இரும்பு ஐயாவின் நெற்றிதான் ஞாபகம் வந்தது.

இப்ப கதை வாயாலும் வருது, வட்ஸ்அப் குரல்பதிவாகவும் வருது. யார் வந்து சொன்னாலும் அம்மாவின் கேள்வியைத்தான் கேட்கிறேன். "நீ கண்டனியோ?" சிலருக்குக் கோபம் வருது. சிலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை, சொன்னவை" என்கினம்.

அம்மா அண்டைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டவ. நான் பொய் சொன்னதை இன்னும் அவவுக்குச் சொல்லேல்லை. இதை வாசித்துத்தான் அறியப்போறா.