முதல் பார்வை நிரப்பும் காலி இடம்

ஜனவரி 12

2010-இல் இதே நாள் மாலையில்தான் ஹைட்டியின் தலைநகரம் போர்ட்-ஓ-பிரின்ஸ் நிலநடுக்கத்தில் சரிந்தது. அந்நாட்டின் மிஷன் மருத்துவமனைகளுக்கும் குழந்தைகள் இல்லங்களுக்கும் வெளிநாட்டுத் தொண்டர்கள் அதற்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அதன்பின் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்த முதல் வாரத்தில் அவர்கள் எழுதுபவற்றில் ஒரே சாயல் அடிக்கடி தென்படும்: புழுதி, தகரக் கூரை, வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள், இவ்வளவு இல்லாமையிலும் எப்படிச் சிரிக்கிறார்கள் என்ற வியப்பு. அந்த வியப்பில் பொய் இல்லை. ஆனால் கண்ணுக்கு வறுமை தெரியும், அதன் காரணம் தெரியாது. அந்தக் காலி இடத்தை மனம் சும்மா விடுவதில்லை. மூடநம்பிக்கை, சோம்பல், விதி என்று கையில் அகப்பட்டதைப் போட்டு நிரப்பிவிடுகிறது. பிறகு செய்யும் தொண்டும் அந்த நிரப்பலுக்கு ஏற்பவே அமைகிறது. என் வழக்கு அதோடுதான்.

சந்தையில் அரிசி விற்கும் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் படியைப் போல அங்கே மமீத் என்றொரு தகர அளவை; அதில் குவியலாக அள்ளிப் பையில் கொட்டுகிறாள். மூட்டையில் இருப்பது அமெரிக்க அரிசி. மக்கள் அதற்கு வைத்த பெயர் மியாமி அரிசி. இந்த நாட்டில் நெல்லே விளையாதோ என்று புதிதாக வந்தவருக்குத் தோன்றும். ஆனால் ஹைட்டியின் ஆர்த்திபோனித் ஆற்றுப் பள்ளத்தாக்கு நெல்லுக்குப் பேர்போனது. 1980களின் தொடக்கம் வரை தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை ஹைட்டியே விளைவித்தது. 1990களின் நடுவில் இறக்குமதி வரி 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசியின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் உள்ளூர் உழவர்கள் நொடித்துப்போனார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டனே 2010 மார்ச்சில் செனட் குழுவின் முன் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். இன்னும் பின்னே போனால் 1825: அடிமைத்தளையை அறுத்துக்கொண்ட மக்களிடம், பழைய எஜமானர்களுக்கு நஷ்டஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது பிரான்ஸ். அசல் தொகை பின்னால் குறைக்கப்பட்டும், அதற்காக வாங்கிய கடன்கள் 20ஆம் நூற்றாண்டு வரை இழுத்தன. இதில் எதுவும் அந்தத் தகரக் குவளையில் எழுதி ஒட்டியிருக்காது.

ஜனவரி 15

முதல் பார்வையைச் சோதித்துப் பார்க்க முடியுமா? முடியும் என்பதற்கு நடு பீடபூமியில் உள்ள காஞ்ச் கிராமம் சாட்சி. மருத்துவர் பால் ஃபார்மர் அங்கே பணிபுரிந்த 1980களின் இறுதியில், காசநோய்க்கு இலவச மருந்து கொடுத்தும் பலர் சிகிச்சையைப் பாதியில் விட்டார்கள். நோய் பில்லிசூனியத்தால் வருகிறது என்று நம்புகிறார்கள், அதனால்தான் மாத்திரையை மதிப்பதில்லை என்பது ஒரு விளக்கம். அப்படி நினைத்தவர்களில் உள்ளூர் ஊழியர்களும் உண்டு. ஆகவே இது வெளிநாட்டார் கண்ணின் கோளாறு மட்டும் அல்ல. ஃபார்மர் குழு நோயாளிகளை இரு பிரிவாக வைத்துப் பார்த்தது. ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும். மற்றதற்கு மருந்தோடு மாதந்தோறும் சிறு உதவித்தொகை, சத்துணவு, வீடு தேடி வரும் ஊழியர். இரண்டாம் பிரிவில் அனைவரும் குணமானார்கள். முதல் பிரிவில் ஏறக்குறைய பாதிப் பேர்தான். சூனிய நம்பிக்கையோ இரண்டு பிரிவிலும் இருந்தது. கூலியை விட்டு, வெறும் வயிற்றோடு மலைப்பாதையில் நடந்து மருந்து வாங்க வருவதுதான் ஆளை வீழ்த்தியது. சோறு இல்லாமல் மருந்து கொடுப்பதைக் கையைக் கழுவி மண்ணில் துடைப்பது என்கிறது அந்த ஊர்ப் பழமொழி. தொண்டுக்குப் போகும் யாரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி இது என்பேன். சூனியம்தான் காரணம் என்று எழுதி வைத்தவர் அறிவுரை சொல்லியே ஆண்டுகளைக் கழித்திருப்பார். நோயாளிகள் இருமிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

ஜனவரி 19

எரிகிற வீட்டின் முன் நின்று வரலாறு பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இடிபாட்டில் கால் நசுங்கியவருக்கு அந்த மணி நேரத்தில் வேண்டியது அறுவை மருத்துவரே. ஆனால் ஹைட்டியின் துயரத்தில் பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரத்துக்கு உரியதல்ல. உதவி என்று வெளியிலிருந்து வருவதற்கும் விளைவு உண்டு: 2010 அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவுநீர் ஆற்றில் கலந்து காலரா பரவியது, ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள், ஐ.நா. மன்னிப்புக் கேட்க 2016 ஆனது.

மனம் உருகாவிட்டால் யார்தான் வருவார்கள் என்பது அடுத்த கேள்வி. உருகட்டும், அந்த உருக்கத்தை நான் மதிக்கிறேன். அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் என் கவலை. ஹைட்டியின் அநாதை இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். சோறும் பள்ளிக்கூடமும் கிடைக்கும் என்று பெற்றவர்களே கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் அவர்கள். மடியில் வந்து ஏறும் குழந்தையைப் பார்த்து அனுப்பும் பணம் இல்லத்தை வளர்க்கிறது. அந்தத் தாய் வீட்டு அடுப்புக்கு அது போய்ச் சேர்வதில்லை. ஆகவே முதல் நாள் குறிப்பைக் கிழிக்க வேண்டாம். அதற்குப் பக்கத்துப் பக்கத்தைக் காலியாக விட்டுவைத்து, ஒரு மமீத் அரிசி என்ன விலை, ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் எவ்வளவு, மருத்துவமனைக்கு எத்தனை மணி நேர நடை, இந்தப் பிள்ளையின் அம்மா எந்த ஊரில் இருக்கிறாள் என்பதையெல்லாம் அந்த மக்கள் பேசும் கிரியோல் மொழியில் கேட்டு எழுதிக்கொண்டு வரலாம்.