துருவுக்கும் ஒரு காரணம் வேண்டும்



என் அத்தா திருவாரூர் சந்திப்பில் வேகன் பிரிவில் கலாசியாக வேலை பார்த்தவர். சரக்கு வண்டி வந்து நின்றதும் நீண்ட பிடி போட்ட சுத்தியலுடன் இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்ட சக்கரத்தின் ஒலி மழுங்கியிருக்கும். பழுது தெரிந்தால் பரிசோதகரிடம் சொல்வார். அவர் பார்த்து உறுதி செய்த பின், வேகனின் பக்கவாட்டில் சாக்பீஸால் பெரிதாக 'சிக்' என்று எழுதுவார் அத்தா. அந்த வேகன் 'சிக் லைன்' எனப்படும் தனித் தண்டவாளத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். மக்தபுக்குப் போகும் வயதில் நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அத்தா மௌத்தான மறு வருடம், துபையிலிருந்து வந்த என் மைத்துனர் என் மகனுக்கு ஒரு மாதிரி ரயில் பெட்டியைக் கொண்டுவந்தார். உண்மை ரயிலின் 87-இல் ஒரு பங்கு அளவு கொண்டது. ஓர் எஞ்சின், மூன்று வேகன்கள், வட்டமான தண்டவாளம். மகன் இரண்டு வாரம் விளையாடிவிட்டு அதை மறந்துவிட்டான். எனக்குத்தான் அதை விட மனம் வரவில்லை. ஆனால் அந்த வேகன்களைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று உறுத்தியது. அவை புதுப் பிளாஸ்டிக் வாளியைப் போல் பளபளத்தன. அத்தா தட்டிப் பார்த்த வேகன் எதுவும் அப்படிப் பளபளத்ததில்லை.

அப்படித்தான் மாதிரி ரயில்களுக்கு மறுவர்ணம் பூசி, வெயிலும் மழையும் பட்ட தோற்றத்தைக் கொண்டுவரும் கைவேலையில் நான் இறங்கினேன். இத்துறையினர் இதை 'வெதரிங்' என்பார்கள். என் பிள்ளைகளிடம் நான் 'வெயில்மழை ஏற்றுவது' என்று சொல்வேன்.

பெற்றோர் ஒருவர், "ஹஜ்ரத், இப்படி உருவங்கள் செய்யலாமா?" என்று கேட்டதுண்டு. உயிரற்றவற்றின் உருவங்களைச் செய்வதில் தடையில்லை என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஓர் ஓவியருக்கு அளித்த விளக்கத்தை அவருக்கு எடுத்துச் சொன்னேன். என் மேடையில் மரமும் நிலையமும் உண்டு. மனித பொம்மைகள் இல்லை. கையுறை இல்லாமல் நான் வர்ணத்தைத் தொடுவதுமில்லை. விரலில் காய்ந்த வர்ணம் ஒட்டியிருந்தால் உளூவின் தண்ணீர் தோலைச் சென்று அடையாதல்லவா? இஷாவுக்குப் பின் உட்கார்ந்தால், படுக்கப் போகுமுன் நகக்கண்களைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன்.

வேலை நிதானமானது. முதலில் வேகனைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைக்க வேண்டும். விரல் எண்ணெய் இருந்தால் வர்ணம் பிடிக்காது. பிறகு ப்ரைமர். அதன்மேல் நம் சரக்கு வேகன்களின் செங்காவி நிறத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். ஒரே தடித்த பூச்சாகப் பூசினால் ஆணித்தலைகள் எல்லாம் மூழ்கிவிடும். எண்களும் எழுத்துகளும் நீரில் நனைத்து ஒட்டும் படலமாகக் கிடைக்கின்றன. அவை வழவழப்பான பரப்பில்தான் படியும் என்பதால் முதலில் பளபளக்கும் வார்னிஷ். எழுத்து ஒட்டிய பிறகு அந்தப் பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ். நம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இதைத் தெளித்தால் வெண்மையாகப் பூத்துவிடும். இப்படி இரண்டு வேகன்களைப் பாழாக்கிய பிறகே எனக்குப் பொறுமை வந்தது.

இதற்குப் பின்தான் அழுக்கு. கறுப்பும் பழுப்பும் கலந்த வர்ணத்தை நீர்போல் கரைத்து மேலே ஓடவிட்டால், இடுக்குகளில் அது தங்கும். மீதியைத் துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். மழைநீர் மேலிருந்து கீழேதான் இறங்கும். குறுக்கே துடைத்தால் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ தவறு என்று உடனே தெரிந்துவிடும். பிறகு கிழித்த பஞ்சின் முனையில் துருநிறத்தைத் தொட்டு அங்கங்கே ஒற்றுவேன். கடைசியாக நிறப்பொடிகள். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் விளிம்பில் மட்டும் எதுவும் படக்கூடாது. தண்டவாளத்திலிருந்து மின்சாரம் ஏறுவது சக்கரத்தின் வழியாகத்தான். அங்கே வர்ணம் பட்டால் எஞ்சின் நின்றுவிடும்.

இந்தக் கலையின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், ஒவ்வொரு கறைக்கும் காரணம் தெரிந்திருப்பதில் இருக்கிறது. வேகனின் அடிப்பகுதி ஏன் செம்பழுப்பாக இருக்கிறது? வார்ப்பிரும்புப் பிரேக் கட்டைகள் சக்கரத்தோடு உரசி உதிர்க்கும் பொடி அங்கே படிகிறது. நிலக்கரி வேகனின் உட்புறத்தில் ஏன் வர்ணமே இல்லை? கரி விழுந்து விழுந்து சுரண்டிவிட்டது. அடுத்த மழையில் அந்த இடம் துருவேறியது. நீராவி எஞ்சினின் கொதிகலன் மேல் வெள்ளைக் கோடுகள் ஏன்? நீர் கசிந்து ஆவியானதும் அதிலிருந்த உப்பு தங்கிவிட்டது. முன்புறப் புகைப்பெட்டியின் நிறம் வெளிறியிருப்பது சூட்டினால். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் துரு வைக்கக்கூடாது. அங்கே எந்நேரமும் எண்ணெய் கசிகிறது. அழுக்கு உண்டு, துரு இல்லை. அத்தாவின் சட்டையில் படிந்திருந்த கறைகளைக்கூட இன்று நினைத்துப் பார்த்தால், எது பிரேக் பொடி, எது கிரீஸ் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிகிறது.

அத்தா வேலை பார்த்தது மீட்டர் பாதையில். அந்த 1000 மி.மீ. அகலம் இந்த அளவில் ஏறக்குறைய 11.5 மி.மீ. ஆகும். எனக்கு எளிதாகக் கிடைப்பதோ 16.5 மி.மீ. தண்டவாளம். ஆகவே அளவில் இவை அத்தாவின் ரயில்கள் அல்ல. நிறத்திலும் அழுக்கிலும் மட்டுமே அவருடையவை.

இதுவரை சொன்னது என் கைவேலை. இனிச் சொல்லப்போவது என் தவறு.

நாளடைவில் தெரிந்தவர்கள் தங்கள் மாதிரிகளையும் என்னிடம் கொடுக்கத் தொடங்கினார்கள். உடைந்தவற்றை மலிவாக வாங்கிச் சரிசெய்து விற்கவும் ஆரம்பித்தேன். மத்ரஸா சம்பளத்துக்கு அது ஒரு கைத்தாங்கல். சென்ற வருடம் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நாள்களில், ஒரு நீராவி எஞ்சின் 2,500 ரூபாய்க்குக் கிடைத்தது. எஞ்சின் நன்றாக இருந்தது. அதன் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரில்தான் பழுது. வேகன்களை இழுக்கும் கொக்கி பொருந்தும் இடத்தில் விரிசல் விட்டு, அது பின்சுவரில் பாதி உயரம் வரை ஏறியிருந்தது.

பசை போட்டு ஒட்டினேன். பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, கறுப்பு வர்ணம் பூசினேன். அப்போதும் மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தது. டெண்டரின் பின்பகுதியில்தான் தண்ணீர் நிரப்பும் வாய் இருக்கும். நீர் வழிந்து அந்தச் சுவரில் துருக்கோடுகள் விழுவது இயல்பு. அந்த இயல்பு எனக்கு வசதியாகப் போயிற்று. விரிசல் ஓடிய வழியே ஒரு துருக்கோட்டை இறக்கினேன். மேலே கரித்தூள். என் கையால் நான் செய்த துருக்களிலேயே மிகவும் தத்ரூபமாக அமைந்தது அதுதான்.

கோயம்புத்தூரில் பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், படங்களைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். "பாய், ஏதாவது பழுது உண்டா?" என்று கேட்டார். "நன்றாக ஓடுகிறது ஐயா" என்றேன். அவர் கேட்டது ஒன்று. நான் சொன்னது வேறொன்று. சொன்னதில் பொய் இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். "அந்த டெண்டர் பின்பக்கத் துரு இருக்கிறதே, அற்புதம்" என்று சொல்லி 11,000 ரூபாய் அனுப்பினார். கட்டணம் கட்டியாயிற்று.

மூன்று வாரம் கழித்து, மத்ரஸாவில் வியாபார ஒழுக்கம் பற்றிய பாடம் வந்தது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று சொல்லிவிட்டார்கள். பல வருடங்களாக நான் நடத்திவரும் பாடம் அது.

ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், மழை பெய்தது அவர் தப்பு இல்லையே?" என்று கேட்டான்.

"நனைந்தது தப்பில்லை. காய்ந்ததை மேலே போட்டு மூடியதுதான் தப்பு" என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். கையில் சாக்பீஸ் இருந்தது. அடுத்து என்ன எழுத வேண்டும் என்பது நினைவுக்கு வரவில்லை.

அத்தா வாழ்நாளெல்லாம் பழுதை வெளியே எழுதிக் கூலி வாங்கினார். நான் பழுதின்மேல் எழுதிக் காசு வாங்கியிருக்கிறேன்.

விற்ற பொருளில் மறைந்திருந்த குறை பின்னர் தெரியவந்தால், அதைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. 'கியாருல் ஐபு' என்று ஃபிக்ஹ் நூல்கள் சொல்லும் உரிமை அது. ஆனால் குறை இருப்பதே தெரியாதவர் அந்த உரிமையை எப்படிக் கேட்பார்? அன்று அஸருக்குப் பின் அவரை அழைத்தேன். விரிசல், பசை, பட்டி, அதன்மேல் வைத்த துரு என ஒன்று விடாமல் சொன்னேன்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அது போன வாரமே உடைந்துவிட்டது பாய்" என்றார். "ஆறு பெட்டி மாட்டி ஓட்டினோம். கொக்கியோடு பெயர்ந்து வந்துவிட்டது. பேரன்தான் கையில் வைத்திருந்தான். நன்றாகத் திட்டிவிட்டேன். அவன் இந்தப் பக்கமே வருவதில்லை."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பணம் போகும், பெயர் போகும் என்று மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தேன். நான் மூடிய ஈரம் எங்கோ ஒரு பிள்ளையின் தலையில் இறங்கியிருக்கிறது.

"அந்தத் தம்பியிடம் கொஞ்சம் கொடுங்கள் ஐயா" என்றேன். பையன் வந்தான். நடந்ததை அவனுக்கு விளங்கும்படி சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவன் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அப்போ நான் உடைக்கலையா?" என்று கேட்டான். "நீ உடைக்கவில்லை" என்றேன். "தாத்தாகிட்ட சொல்லுங்க" என்றான். சொல்லிவிட்டேன் என்றதும் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான்.

முழுத் தொகையையும் தருகிறேன் என்று பெரியவரிடம் சொன்னேன். அவர், சரிசெய்து அனுப்புங்கள், விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். டெண்டர் வந்தது. இம்முறை பசையை நம்பவில்லை. அடியில் ஒரு பித்தளைத் தகட்டை வைத்து, இரண்டு திருகாணிகளால் முடுக்கி, அதில் கொக்கியைப் பொருத்தினேன். தகட்டுக்கு வர்ணம் பூசவில்லை. விரிசலின் மேலிருந்த துருவைக் கரைத்து எடுத்தேன். கோடு வெளியே தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், நுனித் தூரிகையால் வெள்ளை வர்ணத்தில், அத்தாவின் கையெழுத்துபோல் சற்றே சாய்வாக, 'சிக்' என்று எழுதினேன். பழுதுள்ள பொருளுக்கு 7,000 ரூபாய் நியாயம் என்று இருவரும் முடிவு செய்தோம். 4,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். என் மனைவி சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன்.

அந்த எழுத்தை அழித்துவிடலாமா என்று பெரியவர் பேரனிடம் கேட்டாராம். வேண்டாம் என்றானாம்.

இப்போதும் விரிசல்களை ஒட்டுகிறேன், துருவும் வைக்கிறேன். புதிய வேகனைப் பழையதாகக் காட்டுவது ஏமாற்று ஆகாது. அது மாதிரிதான் என்று பார்ப்பவருக்கும் தெரியும், செய்பவருக்கும் தெரியும். ஆனால் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு வைக்கிறேன். எங்கே ஒட்டியது, எங்கே பட்டி பார்த்தது, எந்தப் பாகம் மாற்றியது என்று அதில் இருக்கும். சீட்டைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. தூரிகையில் துருநிறத்தைத் தொடும்போதெல்லாம், இங்கே இது ஏன் வருகிறது என்று ஒருமுறை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நம் பொருளிலும் சொல்லிலும் உள்ள ஈரத்தை நாமே எடுத்து மேலே வைக்கும் மனதை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.